தலைக்கோலும் தொலைபேசி வாக்கும்

சிங்கப்பூரிலே ஆண்டுதோறும் சீனமொழித் தொலைக்காட்சிக் கலைஞருக்கு விருது வழங்கும் விழாவொன்று நடைபெற்று வருகிறது. 'நட்சத்திர விருதுகள்' என்பது அதன் பெயர். வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியிலே, பூவரசங்குளத்தில் இருந்துகொண்டு, சீனமொழியில் ஓரெழுத்தும் அறியாத நாம் அவ்விழாவைப் பற்றி எழுத முற்படுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். 'உமக்கேன் இந்த வேலை? ஆறுமுக நாவலரைப் பற்றி எழுதுமேன்' என ஆசிரிய நண்பர் ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார். நாவலரைப் பற்றி எழுத அறிஞர் பலர் உளர். எமது வகுப்பறையிலே திங்கட்கிழமை காலையில் மாணவர் எதைப் பற்றிக் கதைக்கின்றனர் என்பதை எழுதத்தான் ஆள் இல்லை.

அவர்கள் கதைப்பது சென்னைத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றியும், அத்தொடர்களில் நடிப்போருக்கு அளிக்கப்படும் விருதுகளைப் பற்றியுமே. எந்த நடிகைக்கு எந்த விருது கிடைத்தது, எவருக்குக் கிடைக்காமற் போனது அநீதி என்பனவற்றில் எமது பத்தாந்தர மாணவருக்குள்ள தெளிவு, பாடநூற் செய்யுளில் அவர்களுக்கு இல்லை. இதைக் கண்டு வருந்துவதிற் பயனில்லை. மக்கள் எதை விரும்பிப் பார்க்கிறார்களோ அதை விளங்கிக்கொள்வது விமரிசகனின் முதற் கடமை. அவ்வாறு விளங்கிக்கொள்ள முயன்றபோதுதான் சிங்கப்பூர் விழா எமது கருத்தை ஈர்த்தது. அதற்குக் காரணம் உண்டு. அச்சீன விழாவை நடத்தும் அதே நிறுவனம், மலாய்க் கலைஞருக்குப் 'பெஸ்தா பெர்தானா' என்றும், தமிழ்க் கலைஞருக்குப் 'பிரதான விழா' என்றும் தனித்தனி விழாக்களை எடுத்துள்ளது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட ஒரு நாட்டில், பெரும்பான்மையோரின் விழாவும் சிறுபான்மையோரின் விழாவும் ஒரே வீட்டில் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. தமிழை ஆட்சிமொழியாகக் கொண்ட இன்னொரு தீவில் வாழும் எமக்கு அதில் கற்பதற்கு ஏதேனும் இருத்தல் வேண்டும் அன்றோ?

முதலில் சீன விழாவின் அமைப்பைக் காண்போம். 1994ஆம் ஆண்டில், அந்நாளைய சிங்கப்பூர் ஒலி, ஒளிபரப்புக் கூட்டுத்தாபனம் இதனைத் தொடங்கிற்று. இன்று அக்கூட்டுத்தாபனத்தின் வழித்தோன்றலான மீடியாகார்ப் இதனை நடத்துகிறது. மீடியாகார்ப்பின் உரிமையாளர், அந்நாட்டு அரசின் முதலீட்டு நிறுவனமாகிய தெமாசெக். விருதுகள் இரு வகையின. சிறந்த நடிகர், சிறந்த நடிகை, சிறந்த நாடகம் என நடுவர் கூடித் தெரிவன ஒரு வகை. மக்கள் வாக்கினால் தெரியப்படும் 'பெருவிருப்புக்குரிய பத்துக் கலைஞர்' என்பது மற்றைய வகை. இதில் ஆண்கள் பதின்மர், பெண்கள் பதின்மர். தொலைபேசி அழைப்பாகவும் குறுஞ்செய்தியாகவும் பின்னர் இணையத்தின் வழியாகவும் இவ்வாக்குகள் திரட்டப்பட்டன. தொலைபேசி வாக்குக்குக் கட்டணமும் இருந்தது. இவ்விருதைப் பத்துமுறை வென்றவருக்கு 'எக்காலத்தும் விரும்பப்படும் கலைஞர்' என்னும் பட்டம் அளிக்கப்படும். அதன்பின் அவர் அப்போட்டியில் நிற்க இயலாது. அரியணையில் ஏற்றிவைத்துப் படியை எடுத்துவிடும் இவ்வேற்பாடு நகைப்புக்குரியதாயினும், புதியவர்க்கு இடம்விடும் நல்ல வழி என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெருந்தொற்றின் காரணமாக 2020இல் விழா நடைபெறவில்லை. 2021இல் சாங்கி விமான நிலையத்தில் நடைபெற்றது. பயணிகள் வாராது வெறிச்சோடிய விமான நிலையமொன்றிலே நட்சத்திரங்கள் அணிவகுத்த காட்சியை எண்ணிப் பார்க்கையில், அவ்விழா என்றுமே ஒரு கடைவீதியின் முகப்பாகத்தான் இருந்தது என்ற எண்ணம் எமக்கு எழாமலில்லை.

இங்கு ஒன்றைக் கவனித்தல் தகும். விருது பெறுவோரிற் பெரும்பாலோர் விருது கொடுக்கும் நிறுவனத்தின் ஒப்பந்தக் கலைஞர்களே. நாடகத்தைத் தயாரிப்பது அந்நிறுவனம், ஒளிபரப்புவது அந்நிறுவனம், விழாவை எடுப்பதும், அவ்விழாவையே மீண்டுமொரு நிகழ்ச்சியாக்கி விளம்பரதாரருக்கு விற்பதும் அந்நிறுவனமே. தன் வயலில் விளைந்த நெல்லைத் தன் தராசில் நிறுத்துத் தானே முதற்பரிசும் வழங்கிக்கொள்ளும் கமக்காரனை எமது ஊரில் எவரும் பாராட்டார். ஆயின் தொலைக்காட்சி உலகிலே இஃது இயல்பாகிவிட்டது. சன் தொலைக்காட்சி 2010இல் தொடங்கிய 'சன் குடும்பம் விருதுகள்' இதே மரபைச் சேர்ந்தனவே. மாமியாராக நடித்தவருக்கும் மருமகளாக நடித்தவருக்கும் அவர்தம் முதலாளியே பொன்னாடை போர்த்துகிறார். பார்ப்போர் கண்கலங்குகின்றனர். அடுத்த நாள் அதே மாமியார், அதே மருமகள், அதே நஞ்சு கலந்த பால்.

அரசு நடத்தினால் நேர்மை பிறந்துவிடும் என்று சொல்வதற்கும் இல்லை. தமிழ்நாட்டரசின் சின்னத்திரை விருதுகளில் 2009 முதல் 2013 வரையான ஐந்தாண்டுகளுக்குரியவை, 2022 செப்டெம்பரில்தான் சென்னைக் கலைவாணர் அரங்கில் ஒருசேர வழங்கப்பட்டன. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்திய நாடகமொன்றுக்குப் பரிசு பெறும் கலைஞனின் மனநிலை எவ்வாறிருந்திருக்கும்!

விருது என்பதன் இயல்பை அறிய நாம் வேற்று நாட்டு நூல்களைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. கலைஞர் ஒருவர்க்கு மேடையில் வழங்கப்பட்ட விருதைப் பற்றி எமது இலக்கியத்தில் உள்ள மிக விரிவான செய்தி சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலேயே கிடக்கிறது. மாதவி ஐந்து வயதிலே தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையிலே ஆடுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், நன்னூற்புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என அவளது ஆற்றலுக்குப் பின்னின்ற ஒவ்வொருவரது தகுதியையும் இளங்கோ தனித்தனியே எடுத்தோதுகிறார். அரங்கின் நீள அகலங்களையும் விடவில்லை. அதன் பின்னரே விருது வருகிறது: தலைக்கோற் பட்டமும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெறுமதியான மாலையும். அத்தலைக்கோல் யாது? தோற்றோடிய பகையரசனின் வெண்கொற்றக் குடையிலிருந்து பறித்தெடுத்த காம்பு. அதற்கு மணியும் பொன்னும் பூட்டி, வழிபாடு செய்து, கலைக்குரிய சின்னமாக்கினர். போரிற் கிடைத்த கொள்ளைப்பொருள் கலையின் முடியாகிறது! இதைப் பாடம் சொல்லும்போதெல்லாம் நாம் சற்று நின்றுவிடுவதுண்டு.

அடுத்து நிகழ்வதே எமது ஆய்வுக்கு இன்றியமையாதது. மன்னன் அளித்த அம்மாலையை ஒரு கூனியின் கையிற் கொடுத்து, நகரத்துச் செல்வ இளைஞர் உலாவும் தெருவிலே விலை கூறும்படி நிறுத்துகின்றனர். மாலையின் விலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு. வாங்குவோன் மாதவிக்கு உரியவன். கோவலன் வாங்குகிறான். அரங்கிலே தகுதிக்கு அடையாளமாகத் தரப்பட்டது, அன்றே தெருவிலே விலைச்சீட்டு ஆகிவிடுகிறது. ஏழாண்டுப் பயிற்சி, ஆசிரியரின் உழைப்பு, நாட்டியத்தின் நுட்பம் யாவும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. இளங்கோ இதைக் கண்டிக்கவில்லை. சொல்லிவிட்டு அப்பாற் போகிறார். ஆயின் அவர் சொல்லியவாற்றிலேயே எல்லாம் இருக்கிறது. முல்லைத்தீவுப் பகுதியிலே இன்றும் பெயர்பெற்ற கோவலன் கூத்தைப் பார்த்து வளர்ந்த வன்னி மக்களுக்கு, இந்த மாலை எத்தகைய துயரைக் கொண்டுவரும் என்பதை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இன்றைய விருது விழா இவ்விரு செயலையும் ஒரே மேடையில் ஒரே இரவில் செய்து முடிக்கிறது. நடுவர் தரும் விருது தலைக்கோல். தொலைபேசி வாக்கு கூனி கையிலுள்ள மாலை. எவர்க்கு எத்தனை வாக்கு என்பது, எவரது முகம் எத்தனை சவர்க்காரக் கட்டியை விற்கும் என்பதற்கான முன்னறிவிப்பு. இதனைச் 'சனநாயகம்' எனப் போற்றுவாரும் உளர். நடுவர் சிலர் மூடிய அறையில் முடிவெடுப்பதைவிட மக்கள் யாவரும் கூடித் தெரிவது மேலன்றோ என்பது அவர் வாதம். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மக்கள் சுவையை இகழ்ந்து பேசும் பண்டித மனப்பான்மைக்கு நாம் என்றும் எதிரிகளே. ஆயினும் கட்டணம் செலுத்திப் போடும் வாக்கு, பணம் உள்ளவனுக்கு அதிக வாக்கைத் தருகிறது. மேலும், வாக்களிப்பவன் எதற்கு வாக்களிக்கிறான்? அவ்வாண்டு நடித்த ஒரு பாத்திரத்திற்கா, ஆண்டாண்டாக அறிந்த ஒரு முகத்திற்கா? தன்னை நேரிற் காணாது அதியமான் கொடுத்தனுப்பிய பொருளை ஏற்க மறுத்த பெருஞ்சித்திரனார், தம் தகுதியை அறிந்து தரப்படுமாயின் தினையளவும் இனிது என்ற கருத்தைப் புறநானூற்றிலே பதித்துச் சென்றார். வறுமையில் உழன்ற ஒரு புலவனுக்கு இருந்த இந்த இறுமாப்பு எமக்குப் பெரிதும் பிடித்தமானது.

அரங்கேற்று காதையில் இளங்கோ வரிசைப்படுத்திய ஆசிரியர்களின் இன்றைய நிலை யாது என்பதும் கேட்கத்தக்கது. சிங்கப்பூர் விழாவிலே நாடக எழுத்தாளர், ஒளிப்பதிவாளர், தொகுப்பாளர் ஆகியோருக்கு விருதுகள் இல்லாமலில்லை. ஆயின் சில ஆண்டுகளில் அவை முதன்மை மேடையினின்று பிரிக்கப்பட்டு, ஒளிபரப்பின் வெளிச்சம் குறைந்த வேறொரு வேளையில் வழங்கப்பட்டன. எழுதியவனைக் காட்டினால் விளம்பரம் விலைபோகாது போலும்.

இனி மொழிக்கு வருவோம். 'சீனமொழி விருது' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்தச் சீனம்? சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்த சீனத் தொழிலாளரும் வணிகரும் வீட்டிலே பேசியவை ஹொக்கியன், தியோச்சு, கன்ரனீசு, ஹக்கா, ஹைனானீசு முதலியவை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரின் மொழிகள் அவை. 1979இல் அந்நாட்டுப் பிரதமர் லீ குவான் யூ 'மண்டரின் பேசுவோம்' இயக்கத்தைத் தொடக்கி வைத்தார். அதைத் தொடர்ந்த சில ஆண்டுகளுக்குள் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் அப்பேச்சுமொழிகள் படிப்படியாக அகற்றப்பட்டன. ஹொங்கொங்கிலிருந்து வந்த கன்ரனீசுத் தொடர்கள் மண்டரின் குரல் பொருத்தப்பட்டே காட்டப்பட்டன. ரெடிபியூசன் வானொலியில் கன்ரனீசு மொழியிற் கதை சொல்லிப் பெரும்புகழ் பெற்ற லீ டாய் சோ 1982இல் ஓய்ந்தார். கடைத்தெருவிலும் உணவுச்சாலையிலும் மக்கள் கூடி நின்று கேட்ட குரல் அது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்நாட்டில் வீட்டிலே அப்பேச்சுமொழிகளை மிகுதியும் வழங்குவோர் நூற்றுக்கு 8.7 பேர். பாட்டியோடு பேரப்பிள்ளை பேச இயலாத வீடுகள் பல எழுந்தன. 1994இல் தொடங்கிய விருது விழா இந்தத் துப்புரவுக்குப் பின்னர் வெறுமையான நிலத்திலே எழுந்த கட்டடம்.

2008 இறுதியில் ஒளிபரப்பாகி 2009ஆம் ஆண்டு விழாவிலே பல விருதுகளைப் பெற்ற 'சின்ன ஞோஞ்ஞா' என்னும் தொடரை இங்கு எடுத்துக்காட்டல் பொருந்தும். மலாய்ப் பண்பாட்டோடு கலந்து வாழ்ந்த பெரனாக்கன் சீனக் குடும்பங்களின் கதை அது. சமையல், உடை, மணிகோத்த காலணி, இல்லத்து ஓடு என ஒவ்வொன்றும் நுட்பமாக மீட்டுருவாக்கப்பட்டது. ஆனால் அம்மக்கள் வீட்டிலே பேசியது பாபா மலாய்; திரையில் அவர்கள் பேசியதோ மண்டரின். உடையை உள்ளபடி காட்டுவதற்கு முயன்றவர்கள் நாவை மாற்றிவிட்டனர். அதற்குத்தான் விருது.

பின்னர் 2016இல் முதியோருக்காக ஹொக்கியன் மொழியில் 'சாப்பிட்டாயிற்றா?' என்ற பொருளுடைய குறுநாடகத் தொடரொன்று அதே எட்டாம் அலைவரிசையில் வந்தது. மருத்துவ உதவித் திட்டங்களையும் அரசின் நலத்திட்டங்களையும் முதியோருக்கு விளக்க வேறு வழி இருக்கவில்லை. மொழியை அகற்றிய அரசு, தன் செய்தியைச் சொல்லுதற்கு அம்மொழியையே தேடிச் செல்ல நேர்ந்தது. இது வரலாற்றின் குறும்பு.

எமது நாட்டு முற்போக்கு எழுத்தாளருக்கு இக்கதை புதிதன்று. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதுகளில், சிறுகதையிலும் நாவலிலும் உழைக்கும் மக்களது பேச்சை எழுதியமைக்காக அவர்கள் 'இழிசனர் வழக்கு' என்னும் பழிச்சொல்லைக் கேட்டனர். அவ்விவாதத்திலே வென்றவர் யார் என்பதை இன்று நூலகத்து அலுமாரிகளே கூறும். ஆயின் அச்சிலே பெற்ற வெற்றியைத் திரையிலே நாம் இழந்துவிட்டோம். அங்கே மண்டரினின் இடத்தைச் சென்னைத் தொடரின் பேச்சு பிடித்திருக்கிறது. ஒரேயொரு வேறுபாடு: எம்மை எவரும் சட்டமிட்டுத் தடுக்கவில்லை. நாமே கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம்.

சிங்கப்பூர்த் தமிழருக்குத் திரும்புவோம். 1990களின் நடுப்பகுதி வரை அவர்களுடைய நிகழ்ச்சிகள் சீன நிகழ்ச்சிகளோடு எட்டாம் அலைவரிசையிலேயே ஒண்டுக்குடித்தனம் செய்தன. 2000இல் 'வசந்தம் சென்ட்ரல்' என்னும் பகுதிநேர ஒளிபரப்புத் தொடங்கிற்று. 2008 அக்டோபரில் 'வசந்தம்' என்னும் தனி அலைவரிசை பிறந்தது. 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அங்கு வீட்டில் தமிழை மிகுதியும் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேர் மட்டுமே. அவ்வளவு சிறிய கூட்டத்திற்குத் தனி அலைவரிசையும், உள்ளூர் எழுத்தாளர் எழுதி உள்ளூர் நடிகர் நடித்த நாடகங்களும், அவற்றுக்கு ஒரு விருது விழாவும் வாய்த்துள்ளன. 2010இல் வந்த 'வேட்டை' போன்ற தொடர்களில் சிங்கப்பூர்க் காவலரும் சிங்கப்பூர் வீதிகளுமே இடம்பெற்றனர். பிரதான விழாவிலும் மக்கள் வாக்கு உண்டு, மினுக்கு உண்டு, தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டுக்கு ஆடும் ஆட்டமும் உண்டு. சீன விழாவைப் பற்றி மேலே கூறிய குறைகள் யாவும் இதற்கும் பொருந்தும். எனினும் நேர்மையாகச் சொல்வதாயின், அதைப் பார்த்தபோது எமக்கு எழுந்தது பொறாமையே. பரிசு கொடுப்பது எவ்வாறு என்று அவர்கள் பிழைவிடுகிறார்கள். பரிசு கொடுப்பதற்கு அவர்களிடம் ஒரு நாடகம் இருக்கிறது.

இதனை நாம் இப்படிச் சொல்லக் காரணம் ஒரு பெயரொற்றுமை. எமது நாட்டிலும் சுயாதீனத் தொலைக்காட்சி வலையமைப்பு தமிழுக்கென ஓர் அலைவரிசையைத் தொடங்கியது. அதற்கும் பெயர் 'வசந்தம்'. தொடங்கிய ஆண்டு 2009. அவ்வாண்டிலே வன்னியில் எத்தகைய வசந்தம் நிலவியது என்பதை இந்த வீதியோரத்தில் வாழ்வோர் அறிவர். செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமுக்கு மக்களை ஏற்றிய பேருந்துகள் பூவரசங்குளத்தைக் கடந்தே சென்றன. யன்னலோரத்து முகங்களில் தெரிந்தவர் எவரேனும் உளரோ எனத் தேடி நின்ற எமக்கு, அலைவரிசை ஒன்று பிறந்த செய்தி பின்னரே தெரியவந்தது. அம்முகங்களின் கதை இன்றுவரை எந்தத் தொடர்நாடகமாகவும் வந்ததில்லை.

தமிழருக்கு நாடக ஆற்றல் இல்லை என்று எவரேனும் கூறுவராயின் அவர் எமது வானொலி வரலாற்றை அறியாதவர். இலங்கை வானொலியிலே 'சானா' சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா'வும், இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' தொடரும் ஒலித்தபோது, ஊர்ப்பேச்சு எவருக்கும் கூச்சத்தைத் தரவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரமும் மின்கலமும் இன்றி வன்னியின் உட்பகுதிகளில் வாழ்ந்தோர், துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்துச் சில்லைக் கையாற் சுழற்றி, 'டைனமோ'வில் பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்டனர். ஒருவர் சுற்றப் பத்துப்பேர் கேட்பார்கள். இவ்வளவு உழைத்துக் கேட்ட நேயர்கள் உலகில் வேறெங்கேனும் இருந்தார்களோ என்பது ஐயமே. அவர்களுக்குத் தகுந்த நாடகத்தைத்தான் பின்னர் எவரும் கொடுக்கவில்லை.

சினிமாவிலும் இவ்வாறே. 'குத்துவிளக்கு' 1972இலும், 'பொன்மணி' 1977இலும், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' 1978இலும் வந்தன. 'பொன்மணி'யை இயக்கியவர் தர்மசேன பத்திராஜா என்னும் சிங்களக் கலைஞர் என்பதை மாணவர்க்குச் சொன்னால் நம்ப மறுக்கின்றனர். யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் பற்றித் தமிழிலே படமெடுத்த அவர், பின்னாளிற் சிங்களத் தொலைக்காட்சிக்குக் 'கடுல்ல' போன்ற மதிப்புமிக்க தொடர்நாடகங்களை அளித்து, 2018இல் மறைந்தார். 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரியூட்டப்பட்டதோடு எத்தனை முயற்சிகள் அவிந்தன என்று கணக்கெடுக்க இக்கட்டுரை போதாது.

சிங்களத் தொலைக்காட்சி நாடகத்திற்கு, டி. பி. நிஹால்சிங்கவின் 'திமுத்து முத்து' முதல் ஒரு தொடர்ச்சியான மரபு இருக்கிறது; 1995இல் தொடங்கிய சுமதி விருதும், அதன்பின் வந்த ரைகம் விருதும் அம்மரபையே நடுவாகக் கொண்டவை. அவ்விருதுகளிற் குறையில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆயின் நல்ல நாடகத்துக்கும் கழிவுக்கும் வேறுபாடு உண்டு என ஆண்டுக்கொருமுறை பொதுவிலே பேசப்படும் வாய்ப்பை அவை ஏற்படுத்தின. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூவரையும் கூட்டினால் நூற்றுக்கு 24க்கு மேல் வரும். நாலிலொரு பங்கினரான இவர்களுக்கு, ரூபவாகினி தொடங்கி நாற்பதாண்டு கடந்த பின்னரும், அத்தகைய ஒரு பேச்சுக்கு வேண்டிய அளவு நாடகங்கள் தொடர்ச்சியாக ஆக்கப்படவில்லை. இடையிடையே தோன்றிய நல்முயற்சிகள் ஆதரிப்பாரின்றி ஓய்ந்தன. சென்னையிலிருந்து ஆயத்தமாய்க் கிடைக்கும் தொடர், இங்கு ஒன்றை எடுக்கும் செலவினும் மலிவு. ஒளிபரப்பாளரின் கணக்கு அத்தோடு முடிகிறது. விருது வேண்டும் எனக் கேட்பதற்கு முன், ஆண்டுக்கு இத்தனை மணித்தியாலம் இந்நாட்டுத் தமிழ் நாடகம் வேண்டும், அதனை எழுதுவோர்க்கு ஊதியம் வேண்டும் எனப் பொதுநிதியில் இயங்கும் அலைவரிசைகளிடம் கேட்கும் உரிமை எமக்குண்டு. ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் இதைக் கேட்டதாக நாம் அறியோம்.

இவ்வளவும் எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை இறுதியிற் சொல்லவேண்டியுள்ளது. நாடகமும் அரங்கியலும் பாடத்தைக் கற்கும் மாணவி ஒருத்தி தானே எழுதிய நாடகமொன்றைக் கொண்டுவந்து தந்தாள். காணாமற்போன மகனுக்காக வீட்டைவிட்டு நகர மறுக்கும் ஒரு கிழவியின் கதை. அடுத்த ஊரிலுள்ள பெறாமகள் தன்னோடு வந்திருக்கும்படி அழைக்கிறாள்; கிழவி மறுக்கிறாள். முதற்படியிலே கிழவி கூறுவதாக இருந்தது: 'அவன் வருவான் எண்டுதானே நான் இஞ்சை இருக்கிறன்.' நாம் சில திருத்தங்களைச் சொல்லி அனுப்பினோம். இரண்டாம் படியில் அதே வரி இவ்வாறு மாறியிருந்தது: 'அவன் வருவான்னுதான் நான் இங்க இருக்கேன்.'

ஏன் மாற்றினாய் எனக் கேட்டோம். 'நாடகத்திலை அப்பிடித்தானே ரீச்சர் கதைக்கிறவை' என்றாள். பிள்ளை சொன்னதிற் பொய்யில்லை. அவள் பிறந்த நாள் முதலாகப் பார்த்த திரை நாடகங்களிலே எவரும் 'எண்டு' என்றோ 'இஞ்சை' என்றோ சொன்னதில்லை. சொல்லியிருப்பின் அது சிரிப்பதற்காக இருந்திருக்கும். தன் பாட்டியின் துயரத்தை எழுதவந்த சிறுமி, அத்துயரம் மேடையேறத் தகுதி பெறவேண்டுமாயின் வேறொருவரது நாக்கை இரவல் வாங்கவேண்டும் என எண்ணியிருக்கிறாள். 'சின்ன ஞோஞ்ஞா'வை எழுதினோர் செய்ததும் இதுவே. அவர்களுக்கு ஓர் அரசின் கொள்கை இருந்தது. எமது மாணவிக்கு ஒரு கைத்தொலைபேசி மட்டுமே இருந்தது.

பழைய வரியையே வைத்துக்கொள்ளும்படி சொன்னோம். அவள் உடனே இணங்கவில்லை. 'இப்பிடிக் கதைச்சா மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் சிரிப்பினம்' என்றாள். சிரித்தாற் சிரிக்கட்டும் என்று சொல்வது ஆசிரியருக்கு எளிது; மேடையில் நிற்கப்போவது நாம் அல்லவே. இரண்டு நாள் கழித்துத் தானாகவே பழைய வரியை எழுதிக்கொண்டு வந்தாள். பெறாமகளின் பேச்சை மட்டும் மாற்றவில்லை. அவள் பட்டணத்திலே இருந்தவள், அப்படித்தான் கதைப்பாள் என்று விளக்கமும் தந்தாள். அது நாம் எண்ணிப்பாராத நுட்பம், விட்டுவிட்டோம்.

இப்போது பாடசாலை முடிந்த பின்னர் ஒத்திகை நடக்கிறது. மண்டபத்துக் கதிரைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, நடுவிலே ஒரு சாக்குக்கட்டிலைப் போட்டுக்கொண்டு நடிக்கின்றனர். கிழவியாக நடிக்கும் பிள்ளை ஏனைய வரிகளைத் தங்குதடையின்றிச் சொல்கிறாள். அந்த ஒரு வரியில் மட்டும் ஒவ்வொரு முறையும் குரல் தாழ்ந்துவிடுகிறது. உரக்கச் சொல் என்றால், வீட்டிலே இதை எவரும் உரக்கச் சொல்லிக் கேட்டதில்லை என்கிறாள்.